அடியிலிருந்து நோக்குதல்: கையால் வனைந்த ஜப்பானிய சாக்கேக் கிண்ணங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாக்கே என்னும் அரிசி மதுவை அருந்துவதற்காக ஜப்பானியக் குயவர்கள் வனையும் சிறு கிண்ணங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுபவை. ஒரு தேநீர்க் கிண்ணத்துக்குத் தேவைப்படும் அதே மண்ணும், அதே சூளையும், அதே கைப்பழக்கமும் இவற்றிலும் செலவாகின்றன. விலையோ அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே, தேர்ந்த குயவர் ஒருவரின் வேலையைத் தம் வீட்டில் வைத்துப் புழங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

ஆனால் முதல் பார்வையில் இவற்றின் அழகு பிடிபடுவதில்லை. புகைப்படத்தில் பார்த்தால் சற்றே கோணிய, பழுப்பு நிறமான, ஆங்காங்கே கரி படிந்த ஒரு பாத்திரமாகவே தோன்றும். விளிம்பின் வளைவையும் பூச்சின் நிறத்தையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களுக்கு அது கடைசிவரை அப்படியேதான் தோன்றும். கிண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கக் கற்றுக்கொள்வதே இதற்கு வழி. மண்ணும் கையும் நெருப்பும் மறைப்பின்றித் தெரியும் இடம் அதுதான். பின்வரும் படிகள் அந்த வரிசையையே பின்பற்றி, தேர்ந்தெடுப்பது முதல் உடைந்ததை ஒட்டுவது வரை செல்கின்றன.

படி 1: எந்த வகைக் கிண்ணம் என்று தீர்மானித்தல்

கடைகளில் மூன்று பெயர்களைக் கேட்க நேரிடும். ஒச்சோக்கோ என்பது ஓரிரு மிடறுகளே கொள்ளும் சிறு கிண்ணம். குயினோமி அதைவிடப் பெரியது, ஆழமானது. பெரும்பாலும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை கொள்ளும். சக்கஸுக்கி என்பது தட்டையாகவும் அகலமாகவும் தாழ்வாகவும் அமைந்தது. திருமணச் சடங்கில் மணமக்கள் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறு அருந்துவது இதன் செவ்வரக்குப் பூசிய மரவடிவத்தில்தான். முதல் இரண்டுக்கும் இடையே கறாரான எல்லை எதுவும் கிடையாது. குயவர் தம் பெட்டியின் மேல் எதை எழுதுகிறாரோ அதுவே பெயர். ஷிக்கோக்குத் தீவின் கோச்சிப் பகுதியில், அடியில் துளையிட்டோ, நீண்ட மூக்கு வைத்த முகமூடியாகவோ செய்து, குடித்து முடிக்காமல் கீழே வைக்கவே முடியாதபடி ஆக்கப்பட்ட கிண்ணங்களும் உண்டு. அவை விருந்து விளையாட்டுக்கு உரியவை. அமைதியான அழகைத் தேடுகிறவருக்கு ஏற்றது குயினோமி.

அடுத்துத் தீர்மானிக்க வேண்டியது மண்கலமா பீங்கானா என்பது. ஜப்பானியப் பீங்கானின் தொடக்கம், 1616ஆம் ஆண்டில் கொரியக் குயவர் யி சாம்பியோங் சாகா மாகாணத்தின் அரிட்டாவில் பீங்கான் கல்லைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நிகழ்விலிருந்து கணக்கிடப்படுகிறது. பீங்கான் நீரை உறிஞ்சாது, மணத்தைப் பிடித்துவைக்காது, மெல்லிய விளிம்பைத் தாங்கும். மது ஆலைகளில் தரம் பார்க்கும் கிண்ணமும் வெண்பீங்கானே. அதன் உள்ளடியில் இரண்டு நீல வளையங்கள் தீட்டப்பட்டிருக்கும். வெண்மையின்மேல் மதுவின் நிறத்தையும், நீலக் கோட்டின் கூர்மையில் அதன் தெளிவையும் கணிக்கிறார்கள்.

எதை அருந்தப்போகிறோம் என்பதும் இங்கே நுழைகிறது. 5 டிகிரி செல்சியசில் தொடங்கி 55 டிகிரி வரை, ஏறத்தாழ ஐந்தைந்து டிகிரிக்கு ஒன்றாக, சாக்கேயின் சூட்டு நிலைகளுக்கு ஜப்பானியர் தனித்தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். 10 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் அருந்தும் மணமிக்க கின்ஜோ வகைகளுக்கு மெல்லிய பீங்கானும் கண்ணாடியும் பொருந்தும். 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி அருந்தும், அரிசியின் சுவை கனத்த வகைகளுக்குத் தடித்த மண்கிண்ணம் பொருந்தும். சூடு விரல்களுக்கு மெதுவாக வந்து சேரும், மெதுவாகவே இறங்கும். மண்கிண்ணம் மதுவின் சுவையையே மாற்றிவிடும் என்று விற்பனையாளர்கள் உறுதியாகச் சொல்வார்கள். என் கணிப்பில் மாறுவது பெரும்பாலும் உதட்டில் படும் தடிப்பும், வாய்க்குள் மது வந்து சேரும் அகலமும், கையில் உணரும் சூடும்தான். அவையே போதுமான மாற்றம். அதற்குமேல் அற்புதம் எதுவும் தேவையில்லை.

படி 2: கையில் எடுத்தல்

மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, கடைக்காரரிடம் அனுமதி கேட்ட பிறகே எடுக்க வேண்டும். மேசையின் மேலோ விரித்த துணியின் மேலோ தாழ்வாக வைத்து, இரு கைகளாலும் பிடித்துப் பார்ப்பது தேநீர்ச் சடங்கிலிருந்து வந்த ஒழுக்கம். நழுவினாலும் விழும் உயரம் சில அங்குலங்களே. விளிம்பை மட்டும் பற்றித் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்தால் அது ஓடிவிடும்.

கண்ணால் ஆராய்வதற்கு முன் எடையைக் கவனிக்க வேண்டும். இதற்கு இவ்வளவு எடை இருக்கும் என்று கண் முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டிருக்கும். நன்கு வனைந்த கிண்ணம் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகும், அல்லது சற்று இலேசாக இருந்து வியப்பூட்டும். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால், அடியில் மண் தேங்கிவிட்டது, சீவுவதற்குக் குயவர் தயங்கியிருக்கிறார் என்று பொருள். முரட்டுத்தனமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே கனமாக விடப்பட்ட கிண்ணங்களும் சந்தையில் நிறைய உண்டு. அருந்தும்போது அவை சலிப்பூட்டும். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை மெல்லச் சுழற்றினால், கட்டைவிரலும் நடுவிரலும் தாமாகவே சென்று தங்கும் ஓர் இடம் அகப்படும். சக்கரத்தில் மண் ஈரமாக இருந்தபோது குயவரின் விரல்கள் அழுந்திய பள்ளமாகவும் அது இருக்கலாம். அப்படி ஓர் இடம் அகப்படாத கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிக்கே போய்ச்சேரும்.

படி 3: அடிவளையத்தைப் படித்தல்

இப்போது கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கிண்ணம் எதன்மேல் நிற்கிறதோ அந்த வளையத்தை ஜப்பானியர் கோடாய் என்கிறார்கள். பூச்சுப் பூசிய கிண்ணமானாலும் பெரும்பாலும் இந்த இடம் மட்டும் வெறும் மண்ணாகவே விடப்படும். காரணம் எளிமையானது: பூச்சு உருகும்போது சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நடைமுறைக்காக விடப்பட்ட இந்த வெற்றிடம்தான் பார்க்கிறவருக்கு வாசலாகிறது.

முதலில் மண். அது மாவைப்போல் நைந்ததா, மணல் கலந்ததா, சிறு கற்கள் வெடித்து வெளியே தலைகாட்டுகின்றனவா, நிறம் சாம்பலா செம்மையா வெளிர்மஞ்சளா என்று பார்க்க வேண்டும். அடுத்து கத்தி. கிண்ணம் பாதி உலர்ந்த நிலையில் அதைச் சக்கரத்தில் கவிழ்த்துவைத்து, மூங்கில் அல்லது இரும்புக் கத்தியால் இந்த வளையத்தைச் செதுக்குகிறார்கள். கத்தி ஒரே மூச்சில் ஓடியிருந்தால் விளிம்புகள் கூர்மையாகவும் சுழல் தெளிவாகவும் இருக்கும். திரும்பத் திரும்பத் திருத்தியிருந்தால் மழுங்கியிருக்கும். நடுவில் சிறு குமிழ்போல ஒரு முனை எஞ்சி நிற்பதும், வளையத்தின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து பிறைபோல அமைவதும் வேகமான கையின் அடையாளங்கள். கியூஷூத் தீவின் கரட்சு என்னும் ஊரின் மண்ணைச் சரியான ஈரத்தில் செதுக்கினால், அதன் பரப்பு நுண்சுருக்கங்களோடு கிழிபட்டு நிற்கும்; சேகரிப்பாளர்கள் அந்தச் சுருக்கத்தைப் பார்க்கவே கிண்ணத்தைத் திருப்புகிறார்கள். ஹாகி என்னும் ஊரின் கிண்ணங்களில் வளையத்தை ஓரிடத்தில் வெட்டிப் பிளந்திருப்பதைக் காணலாம். செதுக்காமல் நூலால் அறுத்து எடுத்த கிண்ணங்களில் சங்கின் சுழிபோன்ற நூல்தடம் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தின் முக்கியத்துவத்துக்கு வரலாற்றில் ஓர் உறுதியான சான்று உண்டு. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில், நகோயாவில் தடித்த வெண்பூச்சு கொண்ட ஷினோ வகையைச் சேர்ந்த ஒரு பழைய தேநீர்க் கிண்ணத்தைக் குயவர் அரக்காவா தோயோசோ பார்க்கிறார். மூங்கில் குருத்து தீட்டப்பட்ட அந்தக் கிண்ணத்தின் அடிவளையத்துக்குள் சிறிதளவு செம்மண் ஒட்டியிருந்தது. ஷினோ வகைக் கலங்கள் யாவும் செட்டோ என்னும் குயவர் ஊரில் சுடப்பட்டவை என்பதே அன்றைய ஆய்வாளர்களின் முடிவு. அந்தச் செம்மண்ணோ அதற்குப் பொருந்தவில்லை. ஐயம் கொண்ட அவர், ஓரிரு நாட்களில் கிஃபு மாகாணத்தின் மினோ மலைப்பகுதிக்குச் சென்று, ஒகயாவில் முத்தபோரா என்னும் பழைய சூளைச் சிதைவைக் கிளறி, அதே மூங்கில் குருத்து தீட்டிய ஓட்டுச்சில்லு ஒன்றைக் கண்டெடுத்தார். ஷினோவின் பிறப்பிடம் மினோ என்று வரலாறு திருத்தி எழுதப்பட்டது. அரக்காவா அதே ஒகயாவில் சூளை அமைத்துப் பழைய ஷினோவை மீட்டெடுக்க முனைந்தார். 1955இல் "வாழும் தேசியச் செல்வம்" என்று வழங்கப்படும் அரசின் அங்கீகாரத்தைப் பெற்ற முதல் வரிசைக் கலைஞர்களுள் அவரும் ஒருவரானார். அவர் அன்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த முடிவு எப்போது திருந்தியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

படி 4: நெருப்பின் தடங்களை அடையாளம் காணுதல்

அடியிலிருந்து உடலுக்கு ஏறும்போது நெருப்பு தொடங்குகிறது. இடைக்காலத்திலிருந்து இன்றுவரை சூளை அணையாமல் வந்த ஆறு ஊர்களை "ஆறு தொல்சூளைகள்" என்று தொகுத்துச் சொல்வது வழக்கம்: பிஸென், ஷிகராக்கி, தம்பா, எச்சிஸென், செட்டோ, தோக்கோனாமே. இவற்றோடு மேற்கே கரட்சு, ஹாகி ஆகியவற்றையும், நடுவில் மினோவையும் சேர்த்துக்கொண்டால் குயினோமி உலகின் பெரும்பகுதி வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க முயல்வது வீண். நான்கு ஊர்களின் கிண்ணங்களை நன்றாகப் பார்த்தால் மற்றவை தாமாகப் புரியும்.

முதலில் பார்க்க வேண்டியது பிஸென். ஒகயாமா மாகாணத்தின் இம்பே என்னும் சிற்றூரைச் சுற்றி இதன் சூளைகள் இருக்கின்றன. பூச்சும் கிடையாது, ஓவியமும் கிடையாது. நெல்வயல்களுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கும் ஒட்டும் தன்மை மிகுந்த, இரும்புச்சத்துள்ள மண்ணை, செம்பைன் விறகால் பத்து நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை சுடுகிறார்கள். இந்த மண் சூட்டில் மிகுதியாகச் சுருங்குவது. வெப்பத்தை அவசரமாக ஏற்றினால் பிளந்துவிடும். அத்தனை நாட்கள் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. கிண்ணத்தில் தெரியும் ஒவ்வொரு நிறமும் அது சூளையில் எங்கே இருந்தது என்பதற்கான பதிவு. நெருப்புக்கு எதிரே நின்றதன் தோளில் விறகுச் சாம்பல் பறந்து படிந்து உருகி, எள் தூவியதுபோல மஞ்சள் புள்ளிகளாக இறுகும். தரையில் சாம்பலுக்குள் புதைந்து, காற்று கிடைக்காமல் வெந்தது நீலச்சாம்பலாகவும் கருமையாகவும் மாறும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இடத்தில், மேலிருந்த கலம் மறைத்த பகுதி மட்டும் வட்டமான செந்திட்டாக எஞ்சும். இன்னொன்று, கலங்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்க இடையில் சுற்றிய வைக்கோல். வைக்கோலில் உள்ள காரப்பொருள் மண்ணின் இரும்போடு வினைபுரிந்து, வெளிர்ந்த உடலின்மேல் செந்நிற நாடாக்களை விட்டுச்செல்லும். ஒரு பாதுகாப்பு ஏற்பாடு காலப்போக்கில் அழகாக மதிக்கப்பட்டு, இன்று அதற்காகவே வைக்கோல் சுற்றப்படுகிறது. குயவரின் விருப்பம் எங்கே முடிந்து சூளையின் போக்கு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைதான் இக்கிண்ணங்களின் ஈர்ப்பு. எனினும் முழுவதும் தற்செயல் என்று நினைத்துவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டில் பிஸெனுக்குப் புத்துயிர் கொடுத்த கனேஷிகே தோயோ (1896–1967) போன்றவர்கள், எந்தக் கலத்தைச் சூளையின் எந்த மூலையில் வைத்தால் என்ன நேரும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தே அந்தத் தற்செயலுக்கு இடம் அமைத்தார்கள்.

அடுத்தது கரட்சு. கியூஷூத் தீவில், கொரியாவைப் பார்த்தபடி இருக்கும் துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே சூளைகள் தோன்றின. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாமீது நடத்திய படையெடுப்புகளின்போது கொண்டுவரப்பட்ட குயவர்களால் அவை பெருகின. மேற்கு ஜப்பானியக் கலங்களின் அமைதியைப் போற்றும்போது, அதன் பின்னணியில் தம் ஊரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட இந்தக் கைவினைஞர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். "தொக்குரிக்குப் பிஸென், குயினோமிக்குக் கரட்சு" என்பது சாக்கே அருந்துகிறவர்களிடையே புழங்கும் வழக்கு. தொக்குரி என்பது மது ஊற்றும் குடுவை. வைக்கோல் சாம்பலால் ஆன பால்வெண்மைப் பூச்சில் நீலமும் பழுப்புமாகப் புள்ளிகள் ஊறிய வகை, இரும்புக் கரைசலால் நாணலையும் புல்லையும் நாலைந்து கோடுகளில் இழுத்துவிட்ட வகை, விளிம்பை மட்டும் கருமையாக வளைத்து, திமிங்கிலத் தோலின் பெயரால் அழைக்கப்படும் வகை எனப் பல உண்டு. முதல் கரட்சுக் கிண்ணம் வாங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது பால்வெண்மைப் பூச்சு வகையை. மது ஊற்றியதும் உட்புற வெண்மை ஆழம் பெறுவதை உடனே காணலாம்.

யமகுச்சி மாகாணத்தின் ஹாகியும் அதே படையெடுப்பின் விளைவு. 1604இல் மோரி தெருமோட்டோ ஹாகியில் கோட்டை கட்டிக் குடியேறியபோது, யி சகோதரர்கள் என்னும் கொரியக் குயவர்கள் அவருக்காகச் சூளை அமைத்தார்கள். இதன் மண் முழுமையாக இறுகாமல் சற்று மென்மையாகவே வேகும். பூச்சில் நுண்வெடிப்புகள் வலைபோல் பரவும். அவற்றின் வழியே தேநீரும் மதுவும் ஊறி ஊறி ஆண்டுக்கணக்கில் நிறம் மாறும். "ஹாகியின் ஏழு மாற்றங்கள்" என்று இதற்குப் பெயரே உண்டு. கறை படிவது பிடிக்காதவர்கள் ஹாகியை வாங்காமல் இருப்பதே நல்லது.

நான்காவது மினோவின் ஷினோ. அதன் தடித்த வெண்பூச்சு, ஃபெல்ஸ்பார் கல்லை அரைத்து இட்டது. அதன் பரப்பு கிச்சிலிப் பழத்தோல்போல நுண்குழிகளோடு இருக்கும். பூச்சு மெலிந்த விளிம்பிலும் அடியோரத்திலும் இளஞ்செம்மை படரும். அந்தச் செம்மை எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிண்ணம் முழுவதும் ஒரேயளவாகச் சிவந்திருந்தால் மனம் அதில் நிற்பதில்லை.

படி 5: உட்புறமும் விளிம்பும்

உட்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கையால் வனைந்த கிண்ணத்தில் விரல் சுழன்று ஏறிய தடம் அடியின் நடுவிலிருந்து விளிம்புவரை தொடரும். அருந்துகிறவர் மிகுதியாகக் காணப்போவது இந்த உட்பரப்பைத்தான் என்பதால், வெளிப்புறம் எவ்வளவு சிறந்திருந்தாலும் உட்புறம் இருண்டு மந்தமாக இருந்தால் நான் தயங்குவேன். தெளிந்த சாக்கே ஏறத்தாழ நீரின் நிறத்தது. அதை ஏந்தும் பரப்பில் சிறிதாவது வெளிச்சம் தங்க வேண்டும்.

கடைசியாக விளிம்பு. விரல் நுனியால் மெல்ல ஒரு சுற்று வந்து, வெட்டும் முனை எங்கும் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். மேடுபள்ளமாக அலைந்துவரும் விளிம்பில் உதடு இயல்பாகப் பொருந்தும் ஓரிடம் இருக்கும். அதற்கு எதிர்ப்புறம்தான் கிண்ணத்தின் முகப்பு. எதிரே அமர்ந்திருப்பவர் அந்த முகப்பைக் காண்பார்.

படி 6: வாங்குதல்

இளம் குயவர் ஒருவரின் குயினோமி சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கும். நெடுநாள் பெயர்பெற்றவரின் கிண்ணம் பல பத்தாயிரம் யென்னாகவும், வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவரின் கிண்ணம் இலட்சக்கணக்கிலும் போகும். தொடங்குகிறவருக்கு முதல் நிலையே போதும். நேரில் செல்ல முடிந்தால் சந்தைக்காலமே சிறந்தது: அரிட்டாவின் பீங்கான் சந்தை ஆண்டுதோறும் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலும், பிஸென் திருவிழா அக்டோபரிலும், மாஷிக்கோ என்னும் குயவர் ஊரின் சந்தை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடைபெறும். குயவரே கடைவிரித்து நிற்பார். எத்தனை நாள் சுட்டார், எங்கே வைத்துச் சுட்டார் என்று கேட்டால் மகிழ்ந்து விளக்குவார்.

சற்று விலை உயர்ந்த கிண்ணங்கள் பவுலோனியா மரப்பெட்டியில் வரும். இலேசான அந்த மரம் ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும். மூடியில் குயவர் தம் கையால் கலத்தின் வகையையும் பெயரையும் எழுதி முத்திரை இட்டிருப்பார். பெட்டியும் கிண்ணமும் சேர்ந்தே ஒரு பொருள். பெட்டியைத் தொலைத்தால் மறுவிற்பனையில் மதிப்பு வெகுவாகக் குறையும். பெட்டியில் உள்ள முத்திரையும் அடிவளையத்தின் அருகே மண்ணில் பதித்த முத்திரையும் ஒரே குயவரைக் குறிக்கின்றனவா என்று ஒப்பிடவும் வேண்டும், ஏனெனில் வெற்றுப் பெட்டிகளுக்கும் தனிச் சந்தை இருக்கிறது.

இணையத்தில் வாங்குவதாயின் அடிப்பக்கப் படம், உட்புறப் படம், உயரமும் விட்டமும், எடை ஆகிய நான்கும் இல்லாமல் பணம் கட்ட வேண்டாம். சூளையில் நேர்ந்த பிளவு வேறு, பிறகு கீழே விழுந்து வந்த விரிசல் வேறு: முன்னதன் ஓரங்கள் வெப்பத்தில் மழுங்கியிருக்கும், சில வேளை பூச்சே அதற்குள் ஓடியிருக்கும், பின்னதன் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். பழைய, பூச்சின்மேல் பல வண்ணம் தீட்டிய கிண்ணங்களின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நலம்.

படி 7: முதல் பயன்பாட்டுக்கு முன்

அடிவளையம் சொரசொரப்பாக இருந்தால் மேசையைக் கீறும். இரண்டு கிண்ணங்களின் அடிகளை ஒன்றோடொன்று தேய்ப்பது ஜப்பானிய வீடுகளில் சிலரின் பழக்கம்; நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பதே பாதுகாப்பானது. பின்னர் வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும்.

ஹாகி, கரட்சு, ஷினோ போன்ற நீர் உறிஞ்சும் கிண்ணங்களை அரிசி கழுவிய நீரில் வேகவைப்பது மரபு. புது மண்சட்டியை நம் வீடுகளில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவதன் அதே தத்துவம்தான் இதுவும்: மாவுச்சத்து நுண்துளைகளில் சென்று அடைந்துகொள்கிறது. பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை விரித்து, கிண்ணத்தை வைத்து, குளிர்ந்த கழுநீரில் மூழ்கச்செய்து, மிதமான தீயில் சூடேற்றி, சிறுகொதியில் இருபது நிமிடம்போல் வைத்திருந்து, அந்த நீரிலேயே முற்றிலும் ஆறவிட வேண்டும். கொதிக்கும் நீரில் குளிர்ந்த கிண்ணத்தைப் போடுவது விரிசலை அழைத்துக்கொள்வதாகும். பிறகு நன்றாகக் கழுவி, ஓரிரு நாட்கள் உலரவிட வேண்டும். தம் பூச்சின் மாற்றத்தைத் தொடக்கத்திலிருந்தே இயல்பாக விட விரும்பும் குயவர்கள் இதை வேண்டாம் என்பதும் உண்டு. பெட்டிக்குள் குறிப்புத்தாள் இருந்தால் அதன்படியே செய்யலாம். பீங்கானுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. பிஸென் இறுக வெந்தது என்பதால் நீரில் ஊறவைத்தாலே போதும்.

படி 8: ஊற்றுதலும் அருந்துதலும்

ஒவ்வொரு முறையும் அருந்துவதற்கு முன் கிண்ணத்தைச் சில நிமிடங்கள் தூய நீரில் அமிழ்த்தி எடுத்துத் துடைக்க வேண்டும். துளைகளில் முதலில் நீர் புகுந்துகொள்வதால் மது எளிதில் ஊறாது, கறையும் திட்டாக விழாது. பூச்சற்ற மண்ணின் நிறமும் ஈரத்தில்தான் முழுமையாக எழும். உலர்ந்த பிஸெனையும் நனைந்த பிஸெனையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் இந்தப் படியைத் தவிர்க்க மாட்டார்கள். சூடான சாக்கேயாக இருந்தால் வெந்நீரால் கிண்ணத்தை வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது.

தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளாமல் ஒருவருக்கு ஒருவர் ஊற்றுவது அவையொழுக்கம். ஊற்றுகிறவர் குடுவையை வலக்கையால் பிடித்து இடக்கையால் தாங்குவார். பெறுகிறவர் கிண்ணத்தை மேசையில் விட்டுவைக்காமல் இரு கைகளாலும் ஏந்தி, நிரம்பியதும் ஒரு மிடறு அருந்திவிட்டுக் கீழே வைப்பார். ஜப்பானின் சில உணவகங்களில் ஒரு தட்டு நிறைய வெவ்வேறு கிண்ணங்களைக் கொண்டுவந்து, விருந்தினரையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இதுவரை சொன்ன பயிற்சியை எந்தச் செலவும் இல்லாமல் செய்துபார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. மது அருந்தாதவர்கள் இந்தக் கிண்ணங்களில் அடர்ந்த பச்சைத் தேநீரைச் சிறிதளவாகப் பருகலாம். ஜப்பானியரே இவற்றில் ஊறுகாயையும் தொடுகறிகளையும் பரிமாறுகிறார்கள்.

படி 9: கழுவுதலும் உலர்த்துதலும்

மதுவை இரவு முழுவதும் கிண்ணத்தில் விட்டுவைக்காமல், வெதுவெதுப்பான நீரில் மென்மையான பஞ்சால் அன்றே கழுவிவிட வேண்டும். நீர் உறிஞ்சும் கிண்ணங்களில் மணமுள்ள சோப்பு வேண்டாம்; அடுத்த முறை சாக்கேயில் அதன் வாசனை வரும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் நுண்ணலை அடுப்பும் ஆகாதவை. கழுவிய பின் கவிழ்த்துவைத்து, மேற்பரப்பு உலர்ந்ததும் நிமிர்த்தி, காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாட்கள் விட்டபிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிய பெட்டியில் பூஞ்சணம் பிடிப்பதுதான் இக்கிண்ணங்கள் கெடுவதற்கு முதன்மையான காரணம். அடிவளையம் கடைசியாக உலரும் இடம் என்பதால், அதைத் தொட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பயன்பாட்டால் பூச்சின் வெடிப்புகள் பழுப்பேறுவதும், பிஸெனின் பரப்பு கைபட்டுப் பளபளப்பதும் இயல்பானவை. அவற்றை வெளுப்பான்கொண்டு நீக்க முயன்றால் கிண்ணம் பாழாகும்.

படி 10: உடைந்தால்

துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். உராய்ந்தால் விளிம்புகள் உதிர்ந்து பிறகு சேராது. சிறு சில்லுகளையும் விடாமல் எடுத்துத் தனித்தனியே மென்தாளில் சுற்றிவைத்து, கின்சுகி செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். உருஷி என்னும் அரக்கு மரத்தின் பாலைக் கோதுமை மாவோடு பிசைந்து ஒட்டி, பள்ளங்களை நுண்மண் கலந்த உருஷியால் நிரப்பி, அதன்மேல் கருப்பும் சிவப்புமாக அரக்கைத் தீட்டி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போது பொற்றூளைத் தூவி, உலர்ந்ததும் தேய்த்து மெருகேற்றுவது இதன் முறை. உருஷி உலர்வதற்கு ஈரக்காற்று வேண்டும். 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் கொண்ட பெட்டியில் ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் வைக்கிறார்கள். ஆகையால் மொத்த வேலைக்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள்வரை ஆகும். சில மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னால், அங்கே பயன்படுவது செயற்கைப் பசையும் பொன்னிறப் பொடியும் என்று அறிந்துகொள்ளலாம். அப்படி ஒட்டியதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே முயல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உருஷி மரமும், முந்திரியும், சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பயன்படுத்தும் சேங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிக் கொப்புளிக்குமோ, அப்படியே பச்சை உருஷி பட்டாலும் கொப்புளிக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடக் கூடாது. முற்றிலும் உலர்ந்து இறுகியபின் அது தீங்கற்றது, உணவுக்கும் பாதுகாப்பானது. ஒட்டி முடிந்த கிண்ணத்தைச் சில வாரங்கள் காற்றாட வைத்து, அரக்கின் மணம் நீங்கிய பிறகு, முதலில் குளிர்ந்த சாக்கேயையே ஊற்றி அருந்தத் தொடங்க வேண்டும்.